வெறும் ஈட்டியை இழுக்காத ஊர்

“நான் குறியே பாக்கல ஹில்டா, கை தானாப் போச்சு, அதுக்குப் போயி கொலகாரன்ட்ட பேசுத மாதிரி பேசுத” என்று என் கணவர் கஸ்பார் சொன்னார், மாதா திருவிழா முடிந்த கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதையே ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குழம்புச் சட்டியைப் பார்த்தார், அவர் விட்ட ஈட்டியோ சமையலறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து, என் நெஞ்சுக்கு நேராக, யாரும் பிடிக்காமல், எதிலும் தொங்காமல், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்பது தவறு. வந்துகொண்டிருந்தது.

“தானாப் போன கைக்குத் திரும்பி வரத் தெரியாதோ? கயிறு உம்ம கையில. ஒரு இழுப்பு இழுத்தா முடிஞ்சது” என்றேன்.

“வெறும் ஈட்டிய இழுக்கச் சொல்லுதியா? என்னய?”

“வேற யார? உம்ம அய்யாவையா?”

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். எழுந்தவர் ஈட்டியில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து போனார். குனியும்போது யோசிக்கவே இல்லை, அவ்வளவு பழகிவிட்டது.

வெறும் ஈட்டி என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் சூசைத்துறையில் ஆண்கள் வலைக்கும் போவார்கள், தூண்டிலுக்கும் போவார்கள், ஆனால் மதிப்பு இருப்பது மூச்சை அடக்கிக் கடலுக்கடியில் பாறைக்கு இறங்கி ரப்பர் துப்பாக்கியால் மீன் குத்துகிறவனுக்குத்தான். துப்பாக்கி என்றால் ஒரு கட்டை, சைக்கிள் ட்யூபில் அறுத்த ரப்பர், அதில் இழுத்து மாட்டிய இரும்பு ஈட்டி, ஈட்டியின் வாலில் ஒரு நைலான் கயிறு, கயிற்றின் மறுமுனை கட்டையில். அவ்வளவுதான். அந்த ஒரு கட்டைக்கு ஊர் போட்டிருக்கும் சட்டம் இரண்டு. விட்ட ஈட்டியை விட்டவன் மட்டுமே தொடலாம், ஏனென்றால் எந்தக் காலத்திலோ ஒரே களவா மீனுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி மண்டை உடைந்திருக்கிறது. மீனில்லாமல் வெறும் ஈட்டியை இழுத்தவன் வெறுங்கம்பி. அவனை வெறுங்கம்பி என்பார்கள், அவன் பிள்ளையை வெறுங்கம்பி மகன் என்பார்கள், பொண்ணு கேட்டுப் போனால் வாசலிலேயே, “எந்த வீடு, அந்த வெறுங்கம்பி வீடா?” என்பார்கள். அதனால் குறி தப்பிய ஆண்கள் ஈட்டியை இழுப்பதேயில்லை, கயிற்றை அறுத்து அங்கேயே விட்டுவிட்டு வந்து, பாறை அறுத்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள், பெண்டாட்டிகளும் கேட்டுக்கொள்வார்கள், எங்கள் கடலுக்கடியில் ஒரு தோப்பு போல ஈட்டிகள் நின்றுகொண்டிருக்கும், அத்தனையும் எங்கள் ஊர் ஆண்களின் மானம்.

என் கணவர் ஒருபோதும் கயிற்றை அறுத்ததில்லை. தப்பாத கஸ்பார் என்று பெயர். அந்தப் பெயரில்தான் பிரச்சினை தொடங்கியது.

மாதா திருவிழா கொடியிறக்கிய மறுநாள் அவர் ஒரு பெரிய களவாவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவோடு வந்தார், குகைக்குள் இருந்தது, இருட்டில் செவுள் அசைவதை மட்டும் பார்த்து ஈட்டியை விட்டேன் என்றார், தெரு முழுக்கக் கூடி நின்று வாயைப் பிளந்தது. அந்த மீனை ஆய்ந்தவள் நான். உதட்டில் தூண்டில் முள் கிழித்த காயம். விலாவில் ஈட்டி போன ஓட்டைக்குள் சதை வெள்ளை வெளேரென்று இருந்தது. உயிரோடு குத்து வாங்கிய மீனின் சதையில் ரத்தம் கன்றிப்போயிருக்கும், இதைச் சொல்லித்தர, கான்வென்டில் படித்தவளானாலும், எனக்கு எந்த மதரும் தேவையில்லை, கல்யாணமான நாளிலிருந்து மீன் ஆய்கிறேன். மனிதர் எவனோ ஒரு தூண்டில்காரனிடம் செத்த மீனை வாங்கி, கரையில் வைத்துக் குத்திக் கொண்டுவந்திருக்கிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அப்படித்தான் எல்லோரும் இன்று சொல்கிறார்கள். மறுநாள் கரையில் பெண்கள் கூடையோடு நிற்கையில் ஒருத்தி, “உங்க வீட்டுக்காரர் குத்துன களவா நல்ல ருசியா அக்கா?” என்று கேட்டாள், நான், “உசுரு உள்ள மீன நாலு பேரு குத்திப் பாத்திருக்கேன், செத்த மீன வாங்கி வந்து குத்துன வீரரு எங்க வீட்ல மட்டும்தான்” என்றேன். கரை சிரித்தது. சிரிப்புக்குத் தண்ணீரில் கால் முளைக்கும். மார்பளவு தண்ணீரில், ரப்பரை இழுத்து மாட்டிய துப்பாக்கியோடு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு நின்றிருந்த கஸ்பாருக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார். உள்ளே போனார்.

பிறகு தண்ணீரிலிருந்து ஈட்டி வந்தது. வேகமாக வரவில்லை. சொட்டச் சொட்ட, மேலே ஏறி, ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் மட்டம் பிடித்து, மெல்லிய மெழுகுவத்தி எரிந்து குறைகிற வேகத்தில் கரையை நோக்கி வந்தது. நான் நாலடி இடது பக்கம் நகர்ந்தேன், அதன் மூக்கு இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் நகர்ந்தேன், வலது பக்கம் திரும்பியது. பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் தொபியாஸ் வள்ளத்தில் சாய்ந்து நின்றவர், “பாத்தீயளா, இதான் கஸ்பாரு. வெளிய வந்தும் குறி மாறல பாரு” என்றார், பெருமையாக, தான் பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதைப்போல.

கஸ்பார் தண்ணீரை விட்டு ஏறி வந்து, துப்பாக்கியைத் தன் வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் கட்டினார். கட்டிவிட்டு முதல்முறையாக அதைச் சொன்னார். குறியே பார்க்கவில்லை, கை தானாகப் போய்விட்டது.

சரி, இழுத்துவிடுங்கள் என்றேன். கரையில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள்.

அது கரையைக் கடந்து, வலை காயப்போடும் வெளியைக் கடந்து, கல்லறைத் திருநாளுக்குத் தார்ச்சாலையில் ஏறியது. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மழையை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. முதலில் கயிறு. அது நீளத்துக்கு ஏற்ற கயிறு அல்ல, தேவைக்கு ஏற்ற கயிறு, கம்பத்திலிருந்து ஈட்டியின் வால் வரைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கும் தானாக வளர்ந்தது, இழுத்துக்கட்டிய கொடிபோல விறைப்பாக நின்றது, ஆகவே மறுநாளே அதில் துணி காய்ந்தது, துணிக்குப் பக்கத்தில் நெத்திலி காய்ந்தது, இன்னாருக்கு இத்தனை முழம் என்று வீட்டுக்கு வீடு பாகம் பிரித்துக்கொண்டார்கள், அந்தப் பாகத்துக்குச் சண்டை வந்தது, அந்தச் சண்டையைத் தீர்க்கக் கமிட்டி இரண்டு தடவை கூடியது. ஈட்டிக்காக ஒரு தடவைகூடக் கூடவில்லை. கிறிஸ்துமஸுக்கு இளைஞர் இயக்கம் அதில் நட்சத்திரம் தொங்கவிட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பையை அதில் மாட்டிவிட்டுப் பம்பரம் விட்டார்கள். டீக்கடை பிலவேந்திரம் கடைக்கு முன்னால் அது நின்ற வாரத்தில், நின்றது என்றால் வந்துகொண்டிருந்த வாரத்தில், கடைக்கு ஈட்டி ஸ்டால் என்று பெயரை மாற்றி எழுதினார், அது கடந்துபோன பிறகும் பெயரை மாற்றவில்லை.

நடுவில் எதையாவது வைத்துத் தடுக்கலாமே என்று நானும் பார்த்தேன். தோசைக்கல்லைப் பிடித்தேன், மாவில் விரல் இறங்குவதுபோல அதில் இறங்கி வந்தது. இரும்பு பீரோவைத் தள்ளி வைத்தேன், முன்கதவில் ஓர் ஓட்டை, பின்தகட்டில் ஓர் ஓட்டை, நடுவில் என் கல்யாணப் பட்டில் மடிப்புக்கு ஒன்றாகப் பல ஓட்டைகள். சுற்றிக்கொண்டு பின்னால் போய் வாலைப் பிடிக்கலாம் என்றால் நான் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றும், எந்தப் பக்கம் போனாலும் எனக்கு மூக்குத்தான், வால் மற்றவர்களுக்கு. கரைக்குப் போய்த் துப்பாக்கிக் கட்டைப் பக்கத்திலிருந்து கயிற்றை நானே இழுத்துப் பார்த்தேன், ஈட்டி வாலை முன்னே விட்டு வரவேண்டியதுதானே நியாயம், அது நின்ற இடத்தில் திரும்பி மூக்கை முன்னே வைத்துக்கொண்டு, நான் இழுத்த வேகத்துக்கு என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது. கையை விட்டேன். வேகம் குறைந்து பழைய மெழுகுவத்தி ஆனது. கயிற்றை அறுத்துவிட்டால் என்ன என்று கத்தியை எடுத்தேன், பிறகு யோசித்தேன், அறுத்தால் பிறகு இழுக்க நினைக்கிறவனுக்கும் பிடிக்க ஒன்றும் இருக்காது. அப்போது எனக்கு நம்பிக்கை இருந்தது.

பொங்கல் கழிந்து பிலவேந்திரம் வீட்டு ஆடு செத்தது. தென்னைமரத்தில் கட்டிப் போட்டிருந்த ஆடு. ஈட்டி வரும் வழி. காலையில் அதன் விலாவைத் தொட்டது, அது கத்தியது, கயிறு போன மட்டும் விலகியது, அதற்கு மேல் விலகக் கயிறு விடவில்லை, ஊரே கேட்கக் கத்தியது, மத்தியானத்தில் கத்தல் நின்றது, மாலையில் ஈட்டி மறுபக்கம் வெளியே வந்து ஒரு சொட்டு ரத்தம்கூட ஒட்டாமல் தன் வழியில் போனது. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிலவேந்திரம் என் வாசலில் வந்து நின்று கத்தினார்.

“ஏம்மா, நீ ஒரு எட்டு தள்ளி ஒக்காந்திருந்தா அது என் ஆட்டுப் பக்கமே வந்திருக்காதுல்லா?”

“ஆட்ட அவுத்து விட்டிருக்கலாம்லா அண்ணாச்சி? பக்கத்துலதான நின்னீரு?”

“விட்டவரு ஈட்டி. குறுக்க கைய நீட்ட முடியுமா?”

“ஆட்டத்தான அவுக்கச் சொன்னேன், ஈட்டியத் தொடச் சொன்னேனா?”

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ கணக்கை மாற்றிச் சொல்லி ஏமாற்றப் பார்க்கிறேன் என்பதுபோல, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். கஸ்பாரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் டீ குடித்தார்கள்.

ஆட்டுக்குப் பிறகுதான் நான் தூத்துக்குடியில் இருக்கும் என் தம்பி டெரன்ஸ் வீட்டுக்குப் போனேன். பெட்டியோடு பஸ் ஏறினேன், இங்கே ஈட்டி வடக்கே திரும்பியது, திரும்பியபோது கயிறும் ஊரைக் கூட்டிக்கொண்டு திரும்பியது, காயப்போட்ட துணியெல்லாம் சாக்கடையில், கரண்டுக் கம்பி இரண்டு இடத்தில் அறுந்தது, கோயில் கொடிமரம் சாய்ந்தது. தலைவர் தொபியாஸ் என் தம்பிக்குப் போன் போட்டார். என் தம்பி நல்லவன், கோபப்படவே மாட்டான், காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

“அக்கா, வீடு இப்பத்தான் கட்டி முடிச்சிருக்கேன். காம்பவுண்டுச் சுவருக்குப் பூச்சுக்கூட ஆகல.”

“அது இங்க வந்து சேர எத்தன வருசம் ஆகும்னு தெரியுமா ஒனக்கு?”

“வரும்லா? வராம இருக்காதுலா? அத்தான் விட்டதாச்சே.”

அத்தான் விட்டதாச்சே என்று சொல்லும்போது அவன் குரலிலும் ஒரு பெருமை இருந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பி வந்தேன். வந்ததும் கமிட்டி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். “தங்கச்சி, உன்ன யாரும் குத்தம் சொல்லல. ஆனா நீ அங்கயும் இங்கயும் போனா ஊருக்கு நட்டம். ஒரே எடத்துல இருந்தீன்னா அதும் ஒரே வழியா வரும், நாங்களும் அதுக்குத் தக்கன ஒதுங்கிக்கிடுவோம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இவ்வளவு நியாயமான ஏற்பாட்டை மறுக்கிற பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று பார்த்தார்கள்.

போலீஸுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து ஈட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, “காயம் ஏதாச்சும் பட்டிருக்கா?” என்றார். “பட்ட பொறவு நான் எப்படி சார் வருவேன்?” என்றேன். “பட்டா வாங்கம்மா, கட்டாயம் ஆக்ஷன் எடுப்போம்” என்று சொல்லிவிட்டு, கஸ்பாரோடு நின்று இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டார். பாதரிடம் போனேன். பாதர் கண்ணை மூடிக் கேட்டார். குடும்பம் என்றால் இருவரும்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், நீயும் அன்றைக்குக் கரையில் அந்த வார்த்தையைத் தவிர்த்திருக்கலாம், நான் கஸ்பாரிடமும் பேசுகிறேன் என்றார். பேசினார். பேசிவிட்டு வரும்போது அவர் கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு மீன் இருந்தது. குருத்து ஞாயிறு பவனியில் ஈட்டிக்கும் ஒரு குருத்தோலை கட்டினார்கள்.

என் நாத்தனார் ரெமிஜியா ஒருத்திதான் அடிக்கடி வந்து அழுதாள். “மைனி, மெதுவாத்தான வருது. நீங்க கொஞ்சம் கொஞ்சமா நகந்துக்கிட்டா போதும்லா? எங்கம்மையெல்லாம் எப்படி இருந்தா? எங்கய்யா கையில என்ன கெடச்சாலும் வீசுவாரு. இது அப்படி இல்லையே. அண்ணன் உங்கள ஒரு அடி அடிச்சிருக்கா?”

“இல்லட்டி.”

“பொறவு என்ன?”

பிறகு என்ன என்பதைத்தான் நான் சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏனென்றால் கஸ்பாருக்கு இப்போது மாணவர்கள் இருந்தார்கள். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரப்பர் உடுப்பும் விலைகூடிய துப்பாக்கியுமாக வந்தார்கள், குறி பார்க்காமல் குத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள. முதலில் கரையில் சொல்லிக்கொடுத்தவர், ஈட்டி எங்கள் வீட்டை நெருங்கியதும் எங்கள் முற்றத்துக்கே அவர்களைக் கூட்டி வந்துவிட்டார், கண்ணுக்கெதிரே உதாரணம் இருக்கிறதல்லவா. அத்தனை பேருக்கும் டீ நான்தான் போட்டேன். போட்டுக்கொண்டே அவர் பாடம் நடத்துவதைக் கேட்டேன்.

“கம்பி மேல கண்ண வச்சு நீளவாக்குல பாக்காதீய. தண்ணிக்குள்ள எல்லாம் பக்கமாத் தெரியும், பெருசாத் தெரியும், கண்ணு பொய் சொல்லும். ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுக்கிட்டு, ஒருத்தர விரல் நீட்டிக் காட்டுவியள்லா, அப்படிக் கைய நீட்டணும். மீனப் பாக்கக் கூடாது. முழு மீனப் பாத்தா முழு மீனும் தப்பிரும். செவுளுக்குப் பின்னால ஒரே ஒரு செதிள். அத மட்டும் பாக்கணும். மீனு கண்ணப் பாக்கவே கூடாது, பாத்தா அதுக்குத் தெரிஞ்சிரும். அது தன்போக்குல பக்கவாட்டுல திரும்பும், நம்மள மறந்துரும், அப்போ கை தானாப் போவும்.”

“அது எப்படிண்ணே தானாப் போவும்?” என்று கண்ணாடி போட்ட ஒருவன் கேட்டான்.

“ஒடனே போவாதுப்பா. நித்தம் குத்தணும். வருசக்கணக்கா ஒரே மாதிரிக் குத்தணும். பொறவு நீ நெனைக்க வேண்டாம்.”

டீ கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் என் கண்ணைப் பார்த்துப் பேசி எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தேன். அவர் என்னை முழுசாகத் திட்டியதே இல்லை. ஒரு செதிள்தான். சாப்பாட்டில் உப்புக் கூடினால், “கான்வென்ட்ல இதச் சொல்லித்தரலையோ?” விருந்தாளி வந்தால், “அவளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லுங்க, மீன் வெட்டச் சொல்லாதீய.” என் அப்பா செத்த வீட்டில் நான் அழாமல் நின்றபோது, பக்கத்தில் வந்து மெதுவாக, “மதர்மாரு அழவும் விட மாட்டாவளோ?” நான் ஏதோ வேலையாகப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது, மறந்திருக்கும்போது, அந்த ஒரே இடத்தில், நித்தமும், வருஷக்கணக்காக. ஒருநாளும் தப்பியதில்லை. தப்பாத கஸ்பார். பிறகு ஒருநாள் கையில் துப்பாக்கி இருந்தது, கை தானாகப் போனது, அவர் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கண்ணாடிக்காரனிடம் டம்ளரைக் கொடுக்கும்போது சொன்னேன். “தம்பி, தானாப் போவுதுன்னு அவரு சொல்லுததுல பாதிதான் உண்ம. மீதியையும் அவரே இப்பச் சொல்லிட்டாரு, நீதான் கவனிக்கல.”

“ஏட்டி, உள்ள போ” என்றார் கஸ்பார்.

அன்றைக்குத்தான் நாங்கள் அந்த ஜன்னலருகே சண்டை போட்டது, அவர் பழைய வரியைச் சொன்னது, குனிந்து வெளியே போனது. நான் அவர் பின்னாலேயே வாசல்வரை போய்க் கடைசியாக ஒன்று கேட்டேன். “வெறுங்கம்பின்னு கூப்பிடுவாவ, அவ்வளவுதான? நான் கூப்பிட மாட்டேன். எவளாச்சும் கூப்பிட்டா அவ வாயக் கிழிக்கேன். இழுத்துரும்.”

அவர் நின்றார். கையைக்கூட ஒருமுறை விரித்து மூடினார், கயிறு பிடிக்கும் கை. தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து யாரோ, “என்ன கஸ்பாரண்ணே, மைனி இன்னும் நிக்காவளா?” என்று சத்தம் கொடுத்தார்கள், பெஞ்ச் சிரித்தது. அவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு பெஞ்சைப் பார்த்துப் போனார்.

ஊருக்கு நகரக்கூடாது, நாத்தனாருக்கு நகர வேண்டும், ஆக மொத்தத்தில் எல்லோருக்கும் நான்தான் ஏதாவது செய்ய வேண்டும். படுக்கையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுப்பதும், கண் அயர்ந்தால் திடுக்கிட்டு விழிப்பதும், நின்றுகொண்டே சாப்பிடுவதும் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கிப் போகிற சந்துதான். தெருவாரியாகப் பிரித்த அன்பியங்களில் அந்த வாரக் கோயில் வேலை எங்கள் அன்பியத்துக்கு, விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பதும் எங்கள் முறைதான். சனிக்கிழமை காலையில் கோயிலைக் கூட்டப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பெருக்கினேன், பீடத்துணி மாற்றினேன், வாசக மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஈட்டி ஜன்னலிலிருந்து பின்வாங்கித் திரும்பி, சந்தைக் கடந்து, கோயிலின் பக்கவாசலுக்குள் மூக்கை நீட்டியது. வாசக மேடை அந்த வாசலை ஒட்டித்தான் இருக்கிறது.

ஞாயிறு பூசைக்கு ஊர் வந்தது. பக்கவாசல் வழியாக வருகிறவர்கள் கயிற்றைத் தாண்டிக்கொண்டு, குனிந்து, சிலுவை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் தலைவர், அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கஸ்பார், முதல் வரிசை அவருக்குப் புதிது. பிரசங்கம் முடிந்தது. நான் எழுந்து வாசக மேடையில் நின்றேன். ஈட்டி நுனிக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது, அதற்குமேல் நகரப்போவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன், வாசகப் புத்தகத்தை மூடி வைத்தேன். முடிவு செய்ததும் எனக்குக் குரல் நன்றாக வந்தது.

திருத்தந்தைக்காக, ஆயர்களுக்காக, குருக்களுக்காக உம்மை மன்றாடுகிறோம் என்றேன். ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று ஊர் சொன்னது. மழைக்காக என்றேன். ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். விசிறிக்கொண்டே, பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, கைப்பையில் காணிக்கைக்குச் சில்லறை தேடிக்கொண்டே சொன்னார்கள். கடலுக்குப் போனவர்கள் கரை சேர என்றேன். பக்கவாசல் பெஞ்சில் இருந்த பெண்கள் ஈட்டிக்கு இடம் விட்டுத் தலையை ஒதுக்கிக்கொண்டே, ராகம் பிசகாமல், ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள்.

நாலாவதைச் சொன்னேன். நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

மின்விசிறிகள் சுற்றின. விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ரெமிஜியா உதட்டைத் திறந்தாள், அவள் புருஷன் அவளைப் பார்த்தான், மூடிக்கொண்டாள். பாதர் பீடத்தில் எதையோ சரிசெய்தார். கஸ்பார் என்னைப் பார்த்தார், கண்ணை இல்லை, கழுத்துக்குக் கீழே ஓரிடத்தை. மைக் அணைந்துவிட்டதோ என்று விரலால் தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது, வெளியே கடைத்தெருவரை கேட்டிருக்கும். அதனால், கேட்காதவர்கள் யாரும் இருந்தால் அவர்களுக்காக, இன்னொரு முறை நிதானமாகச் சொன்னேன்:

“பக்கவாசலில் ஒரு கயிறு கிடக்கிறது. கஸ்பார் எழுந்து அதை இழுக்க வேண்டும் என்றும், அவர் இழுக்காவிட்டால் இங்கே இருக்கிறவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எழுந்துபோய் அதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றும் மன்றாடுகிறேன்.”